பன்னிரண்டு முகமூடிகளும் ஒரு பந்தயமும்

நான் முகமூடியிடம் வந்து சேர்ந்தது கலைத் தாகத்தால் அல்ல. வாயைத் திறந்தால் வேடம் கையைவிட்டுப் போய்விடும் என்ற ஒரே காரணத்தால்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், புனேயில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு மராத்தி நாடகக் குழுவில் சேர்ந்தேன். அப்பாவுக்கு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. எங்கள் பகுதிக்குக் கட்கி என்று பெயர் மாறிப் பல வருடங்கள் ஆகியும் அப்பா கிர்க்கி என்றுதான் சொல்வார். அந்தக் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த எனக்கு மராத்தி தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அது காய்கறிக்காரியிடம் பேரம் பேசிக் கற்ற மராத்தி. குழுவை நடத்தியவரோ பழைய பேட்டைப் பகுதிக்காரர். அந்தப் பேட்டைகளில்தான் மராத்தி சுத்தமாக இருக்கிறது என்று அங்கே குடியிருப்பவர்கள் எல்லோரும் ஒருமனதாக ஒப்புக்கொள்வார்கள். நான் ஒரு வரி பேசினால் அவர் திட்டமாட்டார். கண்ணை மூடிக்கொள்வார், அவ்வளவுதான். இரண்டு வருடத்தில் எனக்குக் கிடைத்த வேடங்கள் கூட்டத்தில் ஒருத்தி, ஆலமரம், பிணம். பிணமாக நான் பிரமாதமாக நடித்தேன் என்று அவரே சொன்னார்.

மூன்றாவது வருடம் வெளியூரிலிருந்து ஒருவர் வந்து எங்களுக்குப் பத்து நாள் முகமூடிப் பயிற்சி கொடுத்தார். மேசைமேல் துணி விரித்து அதன்மேல் ஒரு முகமூடியை வைத்தார். சிரிப்பு, கோபம், சோகம் எதுவும் இல்லாத முகம். நியூட்ரல் மாஸ்க் என்றார். பிற்பாடு நான் அதற்கு வெறுமுகம் என்று பெயர் வைத்துக்கொண்டேன். அதை அணிந்துகொண்டால் முகத்தை வைத்து எதுவும் செய்ய முடியாது, பேசவும் கூடாது. அதுவரை கண்ணை உருட்டியும் உதட்டைக் கடித்தும் கைத்தட்டல் வாங்கிக்கொண்டிருந்த கதாநாயகிகள் அதற்குப் பின்னால் என்ன செய்வதென்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். நான் எழுந்து நடந்தேன். நின்றேன். திரும்பினேன். இரண்டு வருடம் மரமாக நின்றவளுக்கு நிற்கத் தெரியாதா என்ன? அன்றைக்கு எங்கள் இயக்குநர் கண்ணைத் திறந்தே வைத்திருந்தார்.

இப்படித்தான் முகமூடி ஆசிரியை ஆனேன். முதலில் கோடை முகாம்கள், பிறகு பள்ளிகள், பிறகு கல்லூரிகள். முகமூடிக்குச் சில ஆசாரங்கள் உண்டு. முன்பக்கத்தை விரலால் தொடக் கூடாது, ஓரத்தைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். பார்ப்பவர்களுக்கு முதுகைக் காட்டித்தான் அணிய வேண்டும். அணிந்தபின் பேசக் கூடாது. கழற்றியபின் குப்புறப் போடக் கூடாது. நம் வீட்டுச் சாமி படங்களுக்குக்கூட இவ்வளவு மரியாதை கிடையாது என்று அம்மா முணுமுணுப்பாள். இந்த ஆசாரங்களோடு ஒரு வசனமும் இருந்தது. முகம் பொய் சொல்லும், உடம்பு சொல்லாது. முகத்தை மூடினால் ஆள் வெளியே வந்துவிடுவார். இதை ஒவ்வொரு வகுப்பிலும் சொல்வேன். நடையைப் பார்த்தே யார் என்று சொல்லிவிடுவேன் என்று கூடவே ஒரு பீற்றலும் உண்டு.

இரண்டாயிரத்துக்குப் பிறகு அந்த வசனத்துக்கு எதிர்பாராத கிராக்கி வந்தது. மகர்பட்டாவில் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பின. அவற்றுக்குள் உட்கார்ந்திருந்தவர்களுக்கு 'பாடி லாங்க்வேஜ்' சரியில்லை என்று மேலே யாருக்கோ தோன்றியது. என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு வகுப்பில் ஒரு குழுத் தலைவர் வெறுமுகத்தை அணிந்த பிறகும் மேலதிகாரி உட்கார்ந்திருந்த திசையைப் பார்த்து விடாமல் தலையாட்டிக்கொண்டே இருந்தார். எனக்குத் தெரிந்த பயிற்சி எல்லாம் கொடுத்துப் பார்த்தேன், தலை நிற்கவில்லை. மேலதிகாரி டீ குடிக்க வெளியே போனதும் தானாக நின்றது.

ஊரார் உடம்பையெல்லாம் நான் இப்படிப் படித்துக்கொண்டிருந்த காலத்தில் வீட்டில் ஒரு கணவரும் ஒரு மகளும் இருந்தார்கள். கணவர் கோயம்புத்தூர்க்காரர். ரஞ்சன்காவில் ஓர் ஆலையில் பராமரிப்புப் பிரிவு. காலை ஆறரைக்குக் கம்பெனி பஸ் ஏறினால் பொழுது சாய்ந்துதான் வருவார். வியாழக்கிழமை வார விடுமுறை. எனக்கு வியாழக்கிழமை எங்கேயாவது வகுப்பு இருக்கும். மகளைப் பல் வைத்தியரிடம் கூட்டிப்போவது, தடுப்பூசி, பள்ளிக்கூடத்தில் ஆசிரியையைப் பார்ப்பது எல்லாம் வியாழக்கிழமைக்கு ஒதுக்கப்பட்டு அவர் தலையில் விழுந்தன. நாடகம் என்றால் முதல் காட்சியிலேயே தூங்கிவிடுவார். குறட்டை விடமாட்டார், அந்த அளவுக்குக் கலையை மதிப்பவர். எதையும் கவனிக்கத் தெரியாத மனுஷன் என்று தோழிகளிடம் அவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன், அதுவும் பெருமூச்சோடு.

மகளை ஏழு வயதிலேயே என் சனிக்கிழமை வகுப்பில் சேர்த்துவிட்டேன். அவள் விருப்பத்தைக் கேட்டதாக ஞாபகம் இல்லை. காலை எட்டு மணிக்கு வகுப்பு, ஏழு மணிக்கு எழுப்புவேன். வருடத்துக்கு ஓரிரு தடவை பிள்ளைகளை மேடையேற்றுவேன், அவளும் ஏறுவாள். அவளுக்குப் பதினொரு வயதானபோதுதான் இந்தப் பொங்கல் விழா வந்தது.

எங்கள் பக்கத்துத் தமிழர்கள் சேர்ந்து ஒரு மன்றம் வைத்திருந்தோம். அதில் இரண்டு கட்சி. கிர்க்கி, ஏரவாடாப் பக்கத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் பழைய குடும்பங்கள் ஒரு கட்சி. கம்ப்யூட்டர் வேலைக்காகச் சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வந்து இறங்கியவர்கள் இன்னொரு கட்சி. பழைய குடும்பங்களின் தமிழில் ஹிந்தி கலந்துவிட்டது என்று புதியவர்கள் குறைப்பட்டார்கள், ஆங்கிலத்தில். செயலாளர் புதியவர்களில் ஒருவர். விழாவுக்குக் குழந்தைகளை வைத்து ஒரு ராஜா நாடகம் போட்டுக் கொடுங்கள் என்று என்னிடம் வந்தார்.

வசனத்தை ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை வைத்தேன். எதிரிப் படை கோட்டையைச் சூழ்ந்துவிட்டது என்று தூதன் சொல்ல வேண்டும். தூதனாக வந்த பையன் அதை ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி ஒரே தாளத்தில் படித்துவிட்டு, "ஆன்ட்டி, சூழ்ந்துன்னா மத்லப்?" என்று கேட்டான். ராஜாவுக்கும் தெரியவில்லை. மந்திரி கிர்க்கிப் பையன். அவன் விளக்கம் சொன்னான், மராத்தியில். எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

செயலாளரிடம் போய், பேசாத நாடகம் போடுகிறேன், முகமூடி நாடகம் என்றேன்.

"தமிழ் விழாவுல பேசாத நாடகமா மேடம்?"

"பேசினாத்தான் சார் பிரச்சினை."

யோசித்துப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார். அவருடைய பையனும் நாடகத்தில் இருந்தான்.

பன்னிரண்டு குழந்தைகள், பன்னிரண்டு முகமூடிகள். களிமண் அச்சின்மேல் செய்தித்தாளை மைதாப் பசையில் ஒட்டி ஒட்டிச் செய்தோம். வண்ணம் பூசும் நாளில் அம்மாக்கள் வந்தார்கள். பால் கூடுதலாக ஊற்றின டீயின் நிறத்தில் நான் கலந்து வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு ஒருவர், "இன்னும் கொஞ்சம் செவப்பா போடலாமே மேடம், ஃபோட்டோவுல நல்லா வரும்" என்றார். எந்த உணர்ச்சியும் இல்லாத, யாருடையதும் அல்லாத முகம் இது என்று அரை மணி நேரம் விளக்கினேன். கவனமாகக் கேட்டார். "யாரோடதும் இல்லேன்னா செவப்பாவே இருக்கட்டுமே" என்றார். இந்த விஷயத்தில் புதியவர்களும் பழையவர்களும் ஒரே கட்சி. டீ நிறத்தைக் காப்பாற்ற எனக்குத் தொண்டை வற்றிவிட்டது.

கதை எளியது. ரயில் நிலையம். ஒருவர் ஊரைவிட்டுப் போகிறார், பதினொரு பேர் வழியனுப்புகிறார்கள். எல்லோருக்கும் கறுப்புச் சட்டை, கறுப்பு பேன்ட், தலைமுடி தெரியாமல் கறுப்புத் துணி. பையனா பெண்ணா என்றே தெரியாது. இதற்குமேல் நான் சும்மா இருந்திருக்கலாம். என் வசனத்தை ஊர்முன்னால் நிரூபிக்க வேண்டும் என்ற ஆசை விடவில்லை. நாடகம் முடிந்ததும் குழந்தைகள் வரிசையாக நிற்பார்கள், பெற்றோர் மேடையேறி வந்து உடம்பை மட்டும் வைத்துத் தங்கள் பிள்ளையைக் கண்டுபிடித்து எதிரே நிற்க வேண்டும், பிறகுதான் முகமூடி கழற்றப்படும் என்று ஏற்பாடு செய்தேன்.

சாப்பிடும்போது இதை மகளிடம் சொன்னேன். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நீயும் வந்து கண்டுபிடிப்பியா?"

"பின்னே?"

"அப்ப ஒரு ஷர்த் வெச்சுக்கலாம். நீ என்னைக் கண்டுபிடிச்சா நெக்ஸ்ட் இயரும் கிளாஸுக்கு வரேன். இல்லேன்னா, பஸ், அவ்வளவுதான். நான் வரமாட்டேன்."

"பெத்தவகிட்டயே பந்தயமாடி? சரி, வெச்சுக்கோ."

சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அவள் கேட்ட விதம் எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. என்னுடைய ஒரே பெண். எனக்குப் பிறகு இந்த முகமூடிகளை எடுத்துக்கொள்ளப் போகிறவள் அவள்தான் என்று நான் மனதுக்குள் முடிவுகட்டி வைத்திருந்தேன். விளையாட்டுப் பேச்சில் அவளை விட்டுவிட முடியுமா?

அடுத்த ஒத்திகையில் அவளையே உற்றுப் பார்த்தேன். பன்னிரண்டு பேரும் முகமூடி அணிந்து எதிரும் புதிருமாக நடந்தபோது நடுவில் இரண்டு முறை அவளைத் தவறவிட்டேன். பதினைந்து வருடமாக ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவள் அன்று சாயங்காலம் வெட்கமில்லாமல் ஒரு காரியம் செய்தேன். ஒரு முகமூடியில் தாடைப் பக்கம் வண்ணம் சிறிது பெயர்ந்து, உள்ளே இருந்த செய்தித்தாள் நகத்தளவு தெரிந்தது. அதைச் சரிசெய்ய எடுத்து வைத்திருந்தேன். சரிசெய்யவில்லை. விழா நாளில் மற்ற முகமூடிகளைப் பிள்ளைகளே எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, அந்த ஒன்றை மட்டும் நானே எடுத்து மகளின் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். கணவர் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். நான் விளக்கு போடுகிறவரிடம் பேசிவிட்டு உடை மாற்றும் அறைக்குத் திரும்பியபோது பன்னிரண்டு முகமூடிகளின் வலது கன்னத்திலும் மையால் திருஷ்டிப் பொட்டு இருந்தது. எனக்கு வந்த கோபத்தில் தமிழ், மராத்தி, ஹிந்தி மூன்றும் கலந்து கத்தினேன். அம்மாக்கள் அதற்குள் அரங்கத்துக்குப் போயிருந்தார்கள், பிள்ளைகளை விசாரித்ததில் தெரிந்தது இது. ஒரு அம்மா, தன் பிள்ளைக்குக் கண் படாமல் இருக்கட்டும், கூடவே அடையாளத்துக்கும் ஆயிற்று என்று, யாருக்கும் தெரியாமல் ஒரு பொட்டு வைத்திருக்கிறார். அதே யோசனை இன்னொரு அம்மாவுக்கும் வந்திருக்கிறது, அப்படியே பதினொரு அம்மாக்களுக்கும். பன்னிரண்டாவது முகமூடி என் மகளுடையது. அம்மா பக்கத்தில் இல்லாத பிள்ளையாயிற்றே என்று இரக்கப்பட்டு அதற்கும் யாரோ வைத்துவிட்டார்கள். பழைய கட்சி, புதிய கட்சி எல்லோரும் வலது கன்னத்தையே தேர்ந்தெடுத்ததால் அடையாளம் என்பது அடியோடு போய், முகங்கள் மறுபடி ஒன்றாகிவிட்டன. துடைத்தால் கன்னம் முழுக்கக் கரி பூசினதுபோல் ஆகிவிடும். அப்படியே விட்டேன்.

நாடகம் பன்னிரண்டு நிமிடம். எங்கள் மன்றத்து விழாக்களில் அவ்வளவு அமைதியை நான் கேட்டதில்லை. பார்த்தவர்களில் பாதிப் பேர் ஏதோ ஒரு ரயிலில் ஊரைவிட்டு வந்து இறங்கியவர்கள். போகிறவன் கையசைக்க, நிற்கிறவர்கள் ரயிலோடு கொஞ்ச தூரம் நடந்து, பிறகு நடையை நிறுத்தியபோது பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். நான் ஒலிபெருக்கியில் என் வசனத்தைச் சொல்லிவிட்டுப் பெற்றோரை அழைத்தேன். ஏறி வந்தவர்கள் எல்லோரும் நேராக வலது கன்னத்தைப் பார்த்தார்கள். அடுத்த பிள்ளையின் வலது கன்னத்தைப் பார்த்தார்கள். அதற்கும் அடுத்தது. பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரே பிள்ளையின் எதிரே இரண்டு அப்பாக்கள் நின்று, நீங்கள் தள்ளுங்கள், நீங்கள் தள்ளுங்கள் என்று மரியாதையாகச் சண்டை போட்டார்கள். செயலாளர் ஏரவாடாவிலிருந்து வந்த ஓர் ஆட்டோக்காரரின் பெண்ணைத் தன் மகன் என்று நினைத்து ஆசை ஆசையாக வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

நான் கூட்டத்தை வேடிக்கை பார்ப்பதுபோல வரிசையில் நடந்தேன். வலது ஓரத்தில், தாடையில் வண்ணம் பெயர்ந்த முகமூடி. நிதானமாகப் போய் அதன் தோளில் கைவைத்தேன். அந்த நிதானத்தைக்கூட நடித்தேன். என் கணவர் இடமிருந்து மூன்றாவது பிள்ளையின் எதிரே, கையில் மகளின் செருப்போடும் தண்ணீர் பாட்டிலோடும், கடை வாசலில் நிற்பதுபோல் நின்றுகொண்டிருந்தார். பாவம், இந்த மனுஷன் இதையும் கோட்டை விட்டுவிட்டார் என்று நினைத்தேன். இங்கே வாருங்கள் என்று கண்ணைக் காட்டினேன். அவர் நகரவில்லை.

கழற்றலாம் என்றேன்.

என் கைக்குக் கீழே செயலாளரின் மகன் சிரித்தான். "ஹலோ ஆன்ட்டி" என்றான்.

மகள் அப்பாவின் எதிரே முகமூடியைக் கழற்றினாள், ஓரத்தைப் பிடித்து, முறைப்படி. அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். அழுகையோ கோபமோ இருந்திருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும். இரண்டும் இல்லை. கூட்டம் சிரித்துக் கைத்தட்டியது. டீச்சரே தோற்றுவிட்டார் என்பது அன்றைய விழாவின் மிகப் பெரிய வெற்றியாகப் பேசப்பட்டது. நானும் சிரித்துக் கைகூப்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்.

"நீ எனக்கு உடைஞ்ச மாஸ்க்கைக் குடுத்தே. அதைப் பாத்துக் கண்டுபிடிக்கத்தானே? தட்ஸ் சீட்டிங், அம்மா. அதான் அவன்கிட்ட மாத்திக்கிட்டேன்."

"மாத்தினவ நீ, சீட்டிங் நானா?" என்று கத்தினேன். எனக்குக் கத்த வரும். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள், சத்தமில்லாமல். என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டது கிடையாது.

கணவர் சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் கேட்டேன்.

"கட்டை விரலை உள்ளார மடக்கிக் கையை மூடியிருந்தாளே. பயந்துட்டா அப்படித்தான் வெச்சுக்குவா. ஊசி போடக் கூட்டிட்டுப் போறப்பெல்லாம் பாத்திருக்கறேன்."

"பயமா? இன்னைக்கா?"

"இன்னைக்குன்னு இல்ல. மேடை ஏறுனாலே அப்படித்தான். சின்னதுல இருந்தே."

"ஏங்க எங்கிட்ட சொல்லல?"

அவர் டீயை வடிகட்டி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "உனக்குத் தெரியாம இருக்கும்னு நெனைக்கல" என்றார்.

குத்திக்காட்டிப் பேசத் தெரியாதவர். உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருந்தார். நாடகங்களில் தூங்குகிற அந்த மனிதர் அவள் மேடையில் இருந்தபோது ஒரு முறைகூடத் தூங்கியதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அதைவிட மோசமானது அடுத்து ஞாபகம் வந்தது. அந்தக் கட்டை விரலை நான் பார்த்திருக்கிறேன். ஒரு முறை இரண்டு முறை அல்ல, நான்கு வருடமாக. வெறுமுகம் அணிந்தால் கைகள் தளர்ந்து தொங்க வேண்டும், அது விதி. ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் மூடிய கையில் பென்சிலால் தட்டி, விரலைத் தளர்த்து, எத்தனை தடவை சொல்வது என்று எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறேன். அதைப் பிழை என்று திருத்திக்கொண்டே இருந்தேனே தவிர, குழந்தை பயந்துபோய் நிற்கிறாள் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. நிறுத்திவிடுகிறேன் என்று நேராகச் சொல்ல அவளுக்குத் தைரியம் இல்லை. அதனால்தான் பந்தயம்.

அன்று அவள் அறைக் கதவைத் தட்டிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், என் வாயிலிருந்து வந்தது, "டீ ஆறுது" என்பது. அவள் எழுந்து வந்து குடித்தாள்.

அடுத்த சனிக்கிழமை அவளை எழுப்பவில்லை. ஏழு மணிக்கு வழக்கம்போல் விழித்துக்கொண்டு, நான் கூப்பிடுகிறேனா என்று போர்வைக்குள் காத்திருந்துவிட்டு, பிறகு தூங்கிவிட்டதாக அப்பாவிடம் சொன்னாளாம், கணவர் பின்னால் என்னிடம் சொன்னார். வகுப்பில் பிள்ளைகள் அவள் எங்கே என்று கேட்டார்கள். பந்தயத்தில் ஜெயித்துவிட்டாள் என்றேன். முகமூடி அணிந்து வரிசையில் நிற்கச் சொன்னேன். நின்றார்கள். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு முதல் முறையாக எல்லோருடைய கைகளையும் பார்த்துக்கொண்டு போனேன். இரண்டு பேர் கட்டை விரலை உள்ளே மடக்கி வைத்திருந்தார்கள்.